பவர் எவ்வளவு என்று கேட்கிறோம், எந்தப் பக்கம் என்று கேட்பதில்லை

கண் பரிசோதனை முடிந்து கையில் கொடுக்கிற சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று கட்டங்கள் இருக்கும். முதலில் எஸ்பிஎச் (ஸ்பியர், அதாவது கோளம்), அடுத்து சிஒய்எல் (சிலிண்டர், அதாவது உருளை), கடைசியில் ஆக்ஸிஸ் (அச்சு). வீட்டுக்கு வந்ததும் "பவர் எவ்வளவு?" என்று கேட்பார்கள். நாமும் முதல் கட்டத்தில் இருப்பதைச் சொல்லிவிடுவோம். இரண்டாவதில் ஏதாவது இருந்தால் "கொஞ்சம் சிலிண்டரும் இருக்காம்" என்று சேர்த்துக்கொள்வோம். மூன்றாவது கட்டத்து எண்ணை யாரும் கேட்பதில்லை. 170 என்று இருக்கும், 85 என்று இருக்கும். அதையும் பவர் என்று நினைத்துப் பதறியவர்கள் உண்டு. அது பவர் இல்லை, ஒரு கோணம். பாடப்புத்தகம் சிதறல் பார்வை என்றும் கண் மருத்துவர்கள் ஆஸ்டிக்மாட்டிசம் என்றும் சொல்கிற குறைபாட்டின் உயிர் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது.

கிட்டப்பார்வையிலும் தூரப்பார்வையிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒளி விழித்திரைக்கு முன்னாலோ பின்னாலோ குவிகிறது, ஆனால் எல்லாத் திசையிலிருந்து வரும் கதிர்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. தவறு ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். அதை ஒரே எண்ணால் சரிசெய்துவிடலாம். சிதறல் பார்வையில் கண்ணின் திறன் திசைக்குத் திசை மாறுகிறது. மேல்கீழாக ஒரு திறன், பக்கவாட்டில் வேறொரு திறன்.

பெரும்பாலும் இதற்குக் காரணம் கார்னியா. கருவிழி என்று நாம் சொல்லும் வட்டத்தின் மேல் கைக்கடிகாரக் கண்ணாடிபோல் கவிந்திருக்கும் தெளிவான படலம் அது. அகலம் சுமார் 12 மில்லிமீட்டர், நடுவில் கனம் அரை மில்லிமீட்டர்தான். கண்ணின் மொத்தத் திறன் ஏறத்தாழ 60 டயாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) என்றால் அதில் 43 இந்த மெல்லிய படலத்தின் பங்கு. அதனால் இதன் வளைவில் சின்னக் கோணல் இருந்தாலும் பார்வையில் தெரிந்துவிடும். ஒரு பந்தை எப்படித் தடவினாலும் வளைவு ஒன்றுபோலவே இருக்கும். கரண்டியின் முதுகைத் தடவிப் பாருங்கள்: நீளவாக்கில் வளைவு தணிந்திருக்கும், குறுக்குவாக்கில் செங்குத்தாக இறங்கும். சிதறல் பார்வை உள்ளவரின் கார்னியா அந்தக் கரண்டி முதுகின் சாயலில் இருக்கிறது. உவமை மிகைதான். நிஜத்தில் இரு திசைகளுக்கும் இடையே வளைவின் ஆரத்தில் 0.2 மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வேண்டாம், அதற்குள்ளேயே ஒரு டயாப்டர் சிலிண்டர் வந்துவிடும். கச்சிதமான பந்து வடிவக் கார்னியா அநேகமாக யாருக்குமே இல்லை. கால், அரை டயாப்டர் கோணல் இருப்பதும் அது தெரியாமலே வாழ்வதும் சகஜம்.

இப்போது தூரத்தில் ஒரு சின்ன விளக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் ஒளி இந்தக் கார்னியா வழியாக உள்ளே போகிறது. அதில் மேல்கீழாக வளைவு அதிகம் என்றும் வைத்துக்கொள்வோம். வளைவு அதிகமான திசையில் வரும் கதிர்கள் சீக்கிரம் குவிந்துவிடும். குறைவான திசையில் வருபவை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்க் குவியும். முதல் இடத்தில் விளக்கு ஒரு படுக்கைக் கோடாகத் தெரியும், இரண்டாவது இடத்தில் நிமிர்ந்த கோடாகத் தெரியும், இடையில் ஓரிடத்தில் மங்கலான வட்டமாக இருக்கும். புள்ளியாக எங்குமே இருக்காது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் தன் திறனைக் கூட்டிக் குறைத்து எவ்வளவு முயன்றாலும் இரண்டு கோடுகளும் சேர்ந்தே முன்னால் பின்னால் நகருமே தவிர ஒன்றாகச் சேராது. கிட்டே தெளியவில்லையே, தூரத்தில் தெளியவில்லையே என்று கண் ஓயாமல் துழாவிக்கொண்டிருக்கும். படித்தால் நெற்றி வலிக்கிறது, சாயங்காலம் ஆனால் கண் கனக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இந்தத் துழாவல் ஒரு காரணம்.

எழுத்தில் இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு புள்ளியும் மேல்கீழாக இழுபட்டால், நிமிர்ந்த கோடுகளுக்கு ஒன்றும் ஆகாது. கோட்டை அதன் நீளத்திலேயே இழுத்தால் நுனிதான் கொஞ்சம் நீளும். படுக்கைக் கோடுகள் தடித்து மங்கிவிடும். மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கீழே வழிந்து எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், 'கி' எது 'கீ' எது என்று தடுமாற்றம் வரும். இழுவை பக்கவாட்டில் இருந்தால் கதை மாறும்: அடுத்தடுத்து நிற்கும் சுழிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும், 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வேறுபாடு தெரியாது. ஒரே வரியில் சில எழுத்துகள் பளிச்சென்றும் சில மங்கியும் தெரிகிற விசித்திரம் இதனால்தான். வெறும் கிட்டப்பார்வைக்காரருக்கு எல்லாமே ஒரே சீராக மங்கும், அவர் குறையைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார். சிதறல் பார்வைக்காரர் ஊகித்தே படித்துப் பழகிவிடுவார்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் கொஞ்சம் தெளிகிறதே என்றால், அதற்கும் காரணம் இருக்கிறது. இமைகளுக்கு இடையே ஒரு கிடைமட்டப் பிளவுதான் மிச்சம் இருப்பதால் மேல்கீழ்த் திசைக் கதிர்களில் பெரும்பகுதி உள்ளே வராமல் தடைபடுகிறது. அந்தத் திசையின் மங்கலும் குறைகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டும் கண்ணைச் சுருக்குகிறீர்கள் என்றால், சீட்டை மறுபடி பார்க்கவேண்டிய நேரம்.

இதை முதலில் முறையாக எழுதியவர் தாமஸ் யங். ஒளி அலை என்று நிறுவப் பாடுபட்ட அதே யங்தான். 1801இல் வெளியான கட்டுரையில், தன் கண்ணே நிமிர்ந்த திசையிலும் படுக்கைத் திசையிலும் வெவ்வேறாகக் குவிப்பதை அளந்து சொன்னார். அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். இந்தக் கோணல் கார்னியாவில் இருக்கிறதா என்று பார்க்க, கண்ணின் முன்பக்கத்தைத் தண்ணீரில் படும்படி வைத்துக்கொண்டார். தண்ணீர் பட்டால் கார்னியாவின் ஒளிவிலக்கும் வேலை அநேகமாக நின்றுவிடும். நீச்சலடிக்கும்போது நீருக்குள் எல்லாம் மங்கலாகத் தெரிவதும் இதனால்தான். இழந்த திறனை ஒரு லென்ஸ் வைத்து ஈடுகட்டிப் பார்த்தால், கோணல் அப்படியே இருந்தது. ஆக, தன்னுடையது உள்ளே இருக்கும் லென்ஸில் உள்ள கோணல் என்று முடிவுகட்டினார். இந்த வேறுபாடு பின்னால் தேவைப்படும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால் நன்றாகத் தெரிகிறது என்று சொல்வதை யங் காலத்துக் கண்ணாடிக்காரர் ஒருவரும் கவனித்திருக்கிறார், யங் அதைத் தன் கட்டுரையில் குறிப்பிடுகிறார். சாதாரண லென்ஸைச் சாய்த்தால் கொஞ்சம் சிலிண்டர் தானாகவே உண்டாகும். ஏன் என்று தெரியாமலே கை கண்டுபிடித்த வைத்தியம் அது.

யங்கின் கட்டுரை வெளியான அதே 1801இல் பிறந்தவர் ஜார்ஜ் பிடல் ஏரி, பின்னாளில் பிரிட்டனின் அரசு வானியலாளர். தன் இடது கண் படிக்கும்போது சும்மா இருக்கிறது என்பதை இளம்வயதில் கவனித்தார். அட்டையில் ஊசித்துளை போட்டு, கண்ணுக்கு முன்னால் நகர்த்திப் பார்த்தார். ஒரு தூரத்தில் துளை ஒரு கோடாகத் தெரிந்தது. வேறொரு தூரத்தில் அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடாகத் தெரிந்தது. மேலே சொன்ன இரண்டு கோடுகளையும் அவர் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டார். இரண்டு தூரங்களும் தெரிந்தால் கணக்கு முடிந்தது. ஒரு பக்கம் உருளை வடிவிலும் மறுபக்கம் கோள வடிவிலும் குழித்த லென்ஸ் ஒன்றைக் கணக்கிட்டு, இப்ஸ்விச் ஊர்க் கண்ணாடிக்காரர் ஒருவரிடம் செய்யச் சொன்னார். 1825இல் அது வேலை செய்தது. இன்று நாம் போடும் சிலிண்டர் கண்ணாடியின் தொடக்கம் அதுதான். பெயர் வந்தது இன்னும் தாமதமாக, 1846இல். வில்லியம் ஹ்யூவெல் என்ற அறிஞர் கிரேக்கத்தில் புள்ளி என்று பொருள்படும் 'ஸ்டிக்மா'வுக்கு முன் 'இல்லை' என்று பொருள்படும் 'அ' சேர்த்தார். புள்ளியின்மை. 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லை உண்டாக்கியவரும் அவர்தான், பெயர் வைப்பதில் கைதேர்ந்த மனிதர்.

உருளை லென்ஸ் எப்படிச் சரிசெய்கிறது என்று பார்ப்போம். ஒரு கண்ணாடிக் குழாயை நீளவாக்கில் சீவியெடுத்தால் கிடைக்கிற துண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் அதற்கு வளைவே இல்லை, திறனும் இல்லை. குறுக்கே மட்டும்தான் திறன். எந்தத் திசையில் திறன் இல்லையோ அதுதான் அச்சு, சீட்டில் உள்ள ஆக்ஸிஸ். அச்சு 180 என்று போட்டிருந்தால் அச்சு படுக்கையாக இருக்கிறது, லென்ஸ் வேலை செய்வது மேல்கீழாக. இந்த இடத்தில் பலர் குழம்புவார்கள், குழம்புவது நியாயம்தான். கண் எந்தத் திசையில் தவறுகிறதோ அந்தத் திசையில் மட்டும் திறனைக் கொடுத்து, மற்றத் திசையைத் தொடாமல் விடுவதுதான் முழு வித்தை. எஸ்பிஎச் என்பது எல்லாத் திசைக்கும் பொதுவானது, சிஒய்எல் என்பது ஒரு திசைக்கு மட்டும் கூடுதலாகக் கொடுப்பது.

திசை பிசகினால் என்ன ஆகும்? கணக்கு இரக்கமில்லாதது. அச்சு 10 டிகிரி திரும்பினால் சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரியாகாமல் நிற்கும். 30 டிகிரி திரும்பினால், மிச்சம் நிற்கும் கோணல் கண்ணாடியே போடாதபோது இருந்த அளவுக்கு வந்துவிடும். அதற்கும் மேல் போனால் கண்ணாடி போடாமல் இருப்பதே மேல்.

இதை நான் சொந்தக் காசில் கற்றேன். ஒருமுறை ஆசைப்பட்டு முழு வட்ட ஃபிரேம் வாங்கினேன். சில வாரங்களில் வலது கண்ணில் எழுத்துகள் நிழல் தட்ட ஆரம்பித்தன. பவர் ஏறிவிட்டது என்று முடிவுசெய்து மறுபடி பரிசோதனைக்குப் போனால், பவர் அப்படியே இருக்கிறது. துடைக்கும்போதெல்லாம் வட்ட வளையத்துக்குள் லென்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருக்கிறது. வேறு வடிவ ஃபிரேமில் லென்ஸ் திரும்ப இடமில்லை, வட்டத்தில் அதைத் தடுக்க ஒரு மூலைகூடக் கிடையாது. திருகாணியை இறுக்கி, அச்சைப் பார்த்து மாட்டியதும் சரியாகிவிட்டது.

உங்கள் கண்ணாடியில் சிலிண்டர் இருக்கிறதா என்று தெரிய சீட்டே வேண்டாம். கண்ணாடியைக் கழற்றிக் கை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவின் நிமிர்ந்த விளிம்பைப் பாருங்கள். இப்போது கண்ணாடியைச் சக்கரம்போல் மெல்லத் திருப்புங்கள். சிலிண்டர் இருந்தால் லென்ஸுக்குள் தெரியும் விளிம்பு வெளியே உள்ள விளிம்பிலிருந்து பிரிந்து சாயும், கத்தரிக்கோல் திறந்து மூடுவதுபோல. இல்லையென்றால் எவ்வளவு திருப்பினாலும் கோடு சாயாமல் நிற்கும்.

சரி, மருத்துவர் இந்தத் திசையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முதலில் ஆட்டோரிஃப்ராக்டர் என்ற இயந்திரம். நீண்ட சாலையின் முடிவில் ஒரு வண்ணப் பலூன் மங்கித் தெளியுமே, பெரும்பாலும் அதுதான். சில நொடிகளில் ஒரு மதிப்பீட்டைத் தரும். சிலர் கண்ணுக்குள் ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, கருவிழியின் நடுத்துளையான கண்பாப்பாவிலிருந்து திரும்பிவரும் ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தே அளந்துவிடுவார்கள். பேசத் தெரியாத குழந்தைக்கும் இது செல்லும். ஆனால் கடைசி முடிவு நம் வாயிலிருந்துதான் வரவேண்டும். கைப்பிடி வைத்த சின்ன லென்ஸ் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் புரட்டிப் புரட்டி, "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று கேட்பார்கள். எட்வர்ட் ஜாக்சன் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் பிரபலமாக்கிய குறுக்கு உருளை லென்ஸ் அது. ஒரு திசையில் கொஞ்சம் கூட்டி, அதன் செங்குத்துத் திசையில் அதே அளவு குறைத்துச் செய்திருப்பார்கள். புரட்டும்போது இரண்டும் இடம் மாறும்.

இந்தக் கட்டத்தில் பரீட்சை எழுதுவதுபோல் பயப்படுகிறவர்கள் நிறையப் பேர். தப்பாகச் சொல்லிவிட்டால் கண்ணாடியே தப்பாகிவிடுமோ என்று, தெரியாததையும் தெரிவதாகச் சொல்லிவிடுவார்கள். உண்மையில் எதிரே இருப்பவர் காத்திருப்பதே "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்ற பதிலுக்காக. இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கினால்தான் அச்சு சரியான இடத்தில் நிற்கிறது என்று பொருள். ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஓரிடத்தில் −1.00, சிலிண்டர் −0.75, அச்சு 180 என்று எழுதிக் கொடுப்பார்கள். வேறோரிடத்தில் அதே கண்ணுக்கு −1.75, சிலிண்டர் +0.75, அச்சு 90 என்று வரும். பவர் முக்கால் ஏறிவிட்டது என்று மனம் உடைய வேண்டாம், இரண்டும் ஒரே லென்ஸ்தான். முதல் இரண்டு எண்களைக் கூட்டுங்கள், சிலிண்டரின் குறியை மாற்றுங்கள், அச்சை 90 டிகிரி திருப்புங்கள், ஒன்று மற்றொன்றாகிவிடும்.

புதிதாகச் சிலிண்டர் போட்டவர்களுக்கு முதல் சில நாள் தரை சாய்வாகவும் கதவு நிலை கோணலாகவும் தெரியும். படிக்கட்டு இறங்கப் பயமாக இருக்கும். ஒரு திசையில் ஒரு அளவும் மறு திசையில் வேறு அளவும் லென்ஸ் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோதான் காரணம். அநேகமாக ஓரிரு வாரத்தில் மூளை பழகிவிடும், பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் பழகிவிடுவார்கள். அதற்கு மேலும் சாய்வு போகவில்லை என்றால் பழகிவிடும் என்று பொறுத்துக்கொண்டிருக்காமல் போய் அச்சைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கான்டாக்ட் லென்ஸில் இந்தத் திசைச் சிக்கல் இன்னும் கூடும், ஏனென்றால் அது கண்ணின் மேல் மிதக்கிறது, ஒவ்வொரு இமைப்பும் அதைத் தள்ளுகிறது. சிலிண்டருக்கான மென்மையான லென்ஸை டாரிக் லென்ஸ் என்பார்கள். காற்றடைத்த சைக்கிள் டியூபின் பக்கம் எப்படி ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் வளைகிறதோ, அந்த வடிவம். அது சுழலாமல் நிற்க, அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கனமாகச் செய்கிறார்கள், அல்லது மேலும் கீழும் மெல்லியதாக்கி இமைகளே அதைப் பிடித்து நிறுத்தும்படி செய்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய கீறல்போல் குறி தெரியும். லென்ஸ் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பதற்கான குறி அது.

கடினமான கான்டாக்ட் லென்ஸ் வேறு வழியில் போகிறது. அது வளையாது. கோணலான கார்னியாவுக்கும் அதற்கும் இடையே உள்ள இடைவெளியைக் கண்ணீர் நிரப்பிவிடும். கண்ணீரும் கார்னியாவும் ஒளியை வளைக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஒளியைப் பொறுத்தவரை கோணல் மறைந்துவிடுகிறது. வெளியே லென்ஸின் வழுவழுப்பான கோள முகம் மட்டும் மிஞ்சும். அச்சைப் பற்றிய கவலையே இல்லை. ஆனால் யங்குக்கு இது உதவியிருக்காது. அவருடைய கோணல் உள் லென்ஸில் அல்லவா இருந்தது!

லேசர் சிகிச்சையில் கார்னியாவின் வடிவத்தையே மாற்றுகிறார்கள், ஒரு திசையில் அதிகமாகவும் மறு திசையில் குறைவாகவும் செதுக்கி. இங்கேயும் திசைதான் தொல்லை. உட்கார்ந்திருக்கும்போது இருக்கிற நிலையிலிருந்து, மல்லாந்து படுத்ததும் கண் சில டிகிரி சுழன்றுவிடும். அதனால் உட்கார வைத்தே கண்ணில் மையால் குறி வைக்கிறார்கள், அல்லது கருவிழியின் நெளிவு சுளிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு இயந்திரம் அந்தச் சுழற்சியை ஈடுகட்டுகிறது. கண்புரை அறுவையில் வைக்கும் டாரிக் லென்ஸுக்கும் இதே கதைதான். நன்றாகப் பொருத்திய பிறகும் உள்ளே சுழன்றுவிட்டால், மறுபடி போய் அதைத் திருப்பி வைக்க வேண்டியிருக்கும்.

கண் பயிற்சி செய்தால் சிலிண்டர் போய்விடும் என்று சொல்பவர்களை நம்ப நான் தயாரில்லை. பயிற்சியால் தசையைப் பழக்கலாம், கார்னியாவின் வளைவை மாற்ற முடியாது. அதேபோல மங்கலான வெளிச்சத்தில் படித்ததால் சிலிண்டர் வந்தது என்பதும் சரியில்லை. பெரும்பாலும் பிறவியிலேயே அமைந்த வடிவம் அது. இரவில் எதிரே வரும் வண்டி விளக்கு நட்சத்திரம்போல் கோடு கோடாகத் தெரிந்தால் சிதறல் பார்வை என்று ஒரு படம் அடிக்கடி சுற்றிவரும். கோடுகள் தெரிவது உண்மைதான். ஆனால் அழுக்கான முகப்புக் கண்ணாடிக்கும் வறண்ட கண்ணுக்கும் அப்படித் தெரியும். படத்தைப் பார்த்து நோயை முடிவு செய்யாதீர்கள்.

பயப்படவேண்டிய இடம் ஒன்று உண்டு. பதின்ம வயதில் சிலிண்டர் ஏறிக்கொண்டே போய், அச்சும் ஒவ்வொரு முறையும் மாறி, கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை என்றால் கெரட்டோகோனஸாக இருக்கலாம். கார்னியா மெலிந்து கூம்புபோல் முன்னே தள்ளும் நோய் அது. அதில் கோணல் ஒழுங்கற்றது, இரண்டு திசைகளில் அடங்காது, அதனால் உருளை லென்ஸுக்கும் அடங்காது. கண்ணைக் கசக்கும் பழக்கம் இதை மோசமாக்கும். கார்னியாவின் மேல் ஒளி வளையங்களை விழவைத்துப் படம் எடுப்பார்கள். ஒழுங்கான கார்னியாவில் வட்டங்கள் வட்டமாகவோ சீரான நீள்வட்டமாகவோ பிரதிபலிக்கும், இதில் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்து கோணும். ரைபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி பாய்ச்சிக் கார்னியாவை இறுக்கும் சிகிச்சை, நோய் மேலும் முற்றாமல் நிறுத்த உதவுகிறது. கெட்ட வடிவத்தை முழுதாகத் திருப்பித் தராது, அதனால் சீக்கிரம் கண்டுபிடிப்பதில்தான் லாபம். இவர்களுக்கு வழக்கமான லேசர் சிகிச்சை கூடாது.

சின்னப் பிள்ளைகள் விஷயத்திலும் தாமதம் கூடாது. கைக்குழந்தைகளுக்குச் சிதறல் பார்வை சாதாரணம், பலருக்கு முதல் சில ஆண்டுகளில் குறைந்துவிடும். குறையாமல் அதிகமாக நின்றுவிட்டால், ஒரு திசைக் கோடுகளைத் தெளிவாகவே பார்த்திராத மூளை அவற்றைப் பார்க்கக் கற்றுக்கொள்ளாமல் போய்விடும். பிறகு சரியான கண்ணாடி போட்டாலும் முழுத் தெளிவு வராது. சோம்பேறிக் கண் என்பது அதுதான். குழந்தை புகார் சொல்லாது, உலகம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளும்.

அப்புறம், புதுச் சீட்டையும் பழைய சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள். சிலிண்டர் 0.25 அல்லது 0.50 ஆக இருந்து அச்சு 20 டிகிரி மாறியிருந்தால் பெரிதாக ஒன்றுமில்லை, அந்த அளவில் அச்சைத் துல்லியமாகப் பிடிப்பதே கடினம். சிலிண்டர் 3.00 இருந்து அச்சு 8 டிகிரி மாறியிருந்தால், கண்ணாடி செய்யக் கொடுப்பதற்கு முன் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வயதாக ஆக, (மைனஸ் சிலிண்டராக எழுதும் சீட்டில்) இளமையில் 180ஐ ஒட்டி இருந்த அச்சு பலருக்கு மெல்ல 90 பக்கம் திரும்பும், அது இயல்பானது. ஏரி தன் இடது கண்ணைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப அளந்து எழுதி வைத்தார். நமக்கு அவ்வளவு வேண்டாம், பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் இருந்தால் போதும்.